ஆள்கடத்தல் நடக்கிற வட்டாரம் ஏன் பின்தங்குது? மெயின்ஸ் கட்டுரைக்கு உதவி வேணும்

அண்ணாநகர்_மெயின்ஸ்:
ஞாயிறு டெஸ்ட்டுக்கு இந்தத் தலைப்பு. "முதலீடு குறையும், பயம் கூடும்"னு ரெண்டு வரிக்கு மேல பேனா நகரல. பணயத்தொகை தவிர வேற என்ன செலவு? என்சிஆர்பி (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) எண்ணை அப்படியே போடலாமா? நம்ம பக்க உதாரணம் இருக்கா?

பாரிமுனை_ஷிப்பிங்:
தம்பி, பணயத்தொகை சின்னக் கணக்கு. பெரிய கணக்கு, கடத்தப்படாதவங்க கட்டுறது. 2008–2012ல சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்துல இருந்தப்போ, சென்னையிலேர்ந்து சூயஸ் வழியா ஐரோப்பா போற சரக்கு ஏடன் வளைகுடாவைத் தாண்டியே ஆகணும். போர் அபாய இன்சூரன்ஸ் பிரீமியம் தனி, ஆயுதக் காவலர் தனி, மாலுமிக்குக் கூடுதல் சம்பளம் தனி. 18 நாட்ஸுக்கு (மணிக்கு 18 கடல் மைல்) மேல ஓடுற கப்பல்ல கொள்ளைக்காரங்க ஏறினதில்லைன்னு வேகத்தைக் கூட்டுவாங்க. எண்ணெய்ச் செலவு வேகத்தோட மூணாம் படிக்கு ஏறும்; 14லேர்ந்து 18க்குப் போனா ஒரு நாள் எண்ணெய் ரெண்டு மடங்கு. இதெல்லாம் ஃப்ரெய்ட் (கப்பல் கூலி) பில்லுல 'சர்சார்ஜ்'னு ஒத்தை வரியா வந்து உக்காரும். ஆம்பூர் ஷூவை எஃப்ஓபில அனுப்பினா வாங்குறவர் அதைக் கட்டிட்டு, அடுத்த ஆர்டர்ல விலையை அடிப்பார். கடத்தல் அடங்கிப் பல வருஷம் கழிச்சு, 2023 ஜனவரி 1 அன்னிக்குத்தான் அந்தக் கடலுக்குக் குத்தியிருந்த 'உயர் அபாயப் பகுதி' முத்திரையே போச்சு.

களத்துமேடு:
நிலத்துக்கு நைஜீரியாவைப் பாருங்க. ரோட்டுல கடத்தல்னு பயந்து ஜனம் அபுஜா–கடுனா ரயிலுக்கு மாறிச்சு. 2022 மார்ச் 28ல அந்த ரயிலையே மறிச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. மறுபடி ஓடினது டிசம்பர்ல. வடமேற்குல வயல்ல இறங்கவே ஆயுதக் கும்பலுக்குக் கப்பம். அதனால தூரத்து வயல் தரிசு. அதைவிட மோசம், விளைஞ்சு நிக்கும்போது அறுக்க விடாம மறிக்கிறது: விதை, உரம், கூலி எல்லாம் போட்டாச்சே. ஆளை மீட்க மாட்டை வித்தவருக்கு அடுத்த வருஷ உழவும் போச்சு.

அதே நைஜீரியாவுல, சிபோக் ஊர் ஹாஸ்டல் பள்ளியிலேர்ந்து 2014 ஏப்ரல் 14 ராத்திரி 276 மாணவிகளைத் தூக்கிட்டுப் போனாங்க. ஹாஸ்டல் பள்ளியை மூடினா, பக்கத்துல வேற ஹைஸ்கூல் இல்லாத பொண்ணுக்குப் படிப்பு அதோட சரி. "கல்வி பாதிக்கும்"னு பொத்தாம்பொதுவா எழுதாம இதை எழுதுங்க.

பிரிவு_140:
என்சிஆர்பி மொத்த எண்ணைத் தொடாதீங்க. காதலிச்சு ஓடிப்போன பொண்ணு வீட்டுப் புகாரும் அதுலதான் சேரும். பணம் கேட்டுக் கடத்தினது தனி வரி: பழைய ஐபிசி 364ஏ, 2024 ஜூலை 1 முதல் அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 140(2). அதுவும் முழுசா இருக்காது. பணத்தைக் கொடுத்துட்டு வாயை மூடிக்கிற குடும்பம் எஃப்ஐஆர் போட வராது. ஸ்டேஷன் மேல நம்பிக்கை வந்தாலும் எண் ஏறும், அதையும் கவனிங்க.

நம்ம பக்கம்னா வீரப்பன். 2000 ஜூலை 30, தாளவாடி பக்கம் தொட்ட காஜனூர்ல கன்னட நடிகர் ராஜ்குமாரைத் தூக்கி 108 நாள் வச்சிருந்தார். தூக்கினது ஒரு வீட்டுல. கடையும் பள்ளியும் மூடினது பெங்களூர்ல. ஆனா சத்தியமங்கலம் பின்தங்கின பழியை முழுசா வீரப்பன் மேல போடாதீங்க. ரோடு இல்லாத காடுங்கிறதாலதான் அவ்வளவு வருஷம் தாக்குப்பிடிச்சார். காரணத்தையும் விளைவையும் குழப்பினா மார்க் போகும்.

அண்ணாநகர்_மெயின்ஸ்:
நன்றிங்க. எஃப்ஓபின்னா?

பாரிமுனை_ஷிப்பிங்:
கப்பல்ல ஏத்துற வரைக்கும் நம்ம செலவு. அப்புறம் ஃப்ரெய்ட், இன்சூரன்ஸ் எல்லாம் வாங்குறவர் தலையில.