முதல் திருத்தம், முதல் பதில்: திறமூலத் திட்டங்களில் கிடைத்த அனுபவங்கள்

கணினி அறிவியல் மாணவி எழுதியது

ஜாவா என்ற நிரல்மொழியை எனக்கு மிகவும் பிடிக்கும் என்றால் உடன் படிப்பவர்கள் வியப்பாகப் பார்க்கிறார்கள். பழைய மொழி, ஒரு வேலைக்குப் பத்து வரி எழுத வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. அதன் உள்ளே போய்ப் பார்க்கலாம். தரவுகளைத் திறவுச்சொல்லோடு சேர்த்து வைக்க உதவும் ஹேஷ்மேப் என்ற பெயரைச் சொடுக்கினால் அதன் மூலநிரல் அப்படியே திரையில் விரிகிறது. நான் முதலில் திறந்து பார்த்தபோது நிரலைவிட, நடுவே எழுதியிருந்த விளக்கக் குறிப்புகள்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தன.

2014இல் வந்த ஜாவா 8 முதல், ஹேஷ்மேப்பின் ஒரே கட்டத்தில் உறுப்புகள் எட்டைத் தாண்டிச் சேரும்போது, அந்தப் பட்டியல், விரைவாகத் தேடுவதற்காகக் கிளைவிடும் மர அமைப்பாக மாற்றப்படுகிறது. ஏன் எட்டு? ஒரு கட்டத்தில் எத்தனை உறுப்புகள் விழ எவ்வளவு வாய்ப்பு என்று நிகழ்தகவுக் கணிதத்தின் பாய்சான் பரவலை வைத்துக் கணக்கிட்டு, அட்டவணையாகவே குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். எட்டுக்கு நேரே 0.00000006 என்று இருக்கிறது. பத்துக் கோடியில் ஆறு. தேர்வுக்காக மனப்பாடம் செய்த சூத்திரம் உலகம் முழுவதும் ஓடும் நிரலில் ஒரு முடிவைத் தாங்கி நிற்பதைப் பார்த்து நான் சிலிர்த்துப் போனேன். ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2006 நவம்பரில் அதை ஜிபிஎல் உரிமத்தில் (யாரும் படிக்க, மாற்ற, பகிர அனுமதிக்கும் உரிமம்) வெளியிடுவதாக அறிவித்து, 2007 மே மாதத்துக்குள் பெரும்பகுதியைத் திறந்துவிட்டது. என்னைப் போன்ற ஒரு மாணவி யாரிடமும் அனுமதி கேட்காமல் இந்த நிரலைப் படிக்கவும் மாற்றவும் முடிகிறது என்றால் அந்த முடிவால்தான்.

ஜோஷுவா பிளாக் செய்ததும் என் மனத்தில் நிற்கிறது. ஜாவாவில் இருந்த இருமத் தேடல் நிரலை (வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாக்கித் தேடுவது) எழுதியவர் அவர். அதில் கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில் ஒரு வழு (நிரல் பிழை) இருந்தது. கூட்டுத்தொகை, அந்த முழு எண் வகை தாங்கும் உச்சமான 2,147,483,647ஐத் தாண்டினால் எண் எதிர்மமாகிவிடும். நூறு கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் கொண்ட அணியில்தான் இது வெளிப்படும் என்பதால் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 2006இல் அவரே அதை எல்லோரும் படிக்கும்படி விளக்கி எழுதினார். இந்தப் பண்புதான், மூலநிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் திறந்து வைக்கும் திறமூலத்தின் பக்கம் என்னை இழுத்தது.

இனி என் அனுபவம். சிஎஸ்வி கோப்புகளை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைத் தரவு) படிக்கும் ஒரு சிறிய லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, கல்லூரித் திட்டப்பணிக்காகப் பயன்படுத்தினேன். கடைசிப் பத்தி (நெடுவரிசை) காலியாக இருந்தால் அந்த வரிசை மட்டும் ஒரு பத்தி குறைந்து வந்தது. மூலநிரலைத் திறந்து தேடினேன். ஒரு சரத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் ஜாவாவின் ஸ்பிளிட் முறை, வரம்பு எதுவும் கொடுக்காவிட்டால் இறுதியில் வரும் வெற்றுச் சரங்களை உதறிவிடும். இரண்டாவது அளபுருவாகக் கழித்தல் ஒன்றைக் கொடுத்தால் அவை தங்கும். தீர்வு அவ்வளவுதான்.

இதை விவரித்து எழுதி அனுப்பினேன். பராமரிப்பாளர், "காரணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். திருத்தத்தையும் நீங்களே அனுப்புங்கள். முதலில், இப்போதைய நிரலில் தோற்கும் ஒரு சோதனையை எழுதுங்கள்" என்று பதில் எழுதினார். அனுப்பினேன். அதன் பிறகு வந்த மறுமொழி என் மாற்றத்தைவிடப் பன்மடங்கு நீளம். பத்தி குறைவதையே நம்பி நிரல் எழுதியவர்கள் இருக்கலாம், அவர்கள் பதிப்பை உயர்த்தும்போது என்ன உடையும், மாற்றக் குறிப்பில் அதை எப்படிச் சொல்ல வேண்டும், எந்தப் பதிப்பில் சேர்ப்பது என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். முகம் தெரியாத ஒருவர், ஊதியம் இல்லாமல், ஒரு மாணவியின் ஒரு வரிக்காக இவ்வளவு நேரம் செலவிட்டிருக்கிறார். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த வகுப்பு இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்து, ஜாவாவையே திறமூலமாக உருவாக்கும் ஓபன்ஜேடிகே திட்டத்துக்கு ஏதாவது செய்ய ஆசை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்களேன்.

மற்றொரு மாணவர்

எனக்கு நேர்மாறாக நடந்தது. நான் அனுப்பிய திருத்தம் பதிலே இல்லாமல் கிடந்தது. காத்திருந்த நேரத்தில் அதே திட்டத்தில் மற்றவர்கள் பதிந்திருந்த வழுக்களை என் கணினியில் ஓட்டிப் பார்த்து, எந்தப் பதிப்பில் வருகிறது, எதில் வரவில்லை என்று எழுத ஆரம்பித்தேன். அதற்கு உடனுக்குடன் நன்றி வந்தது. நிரல் எழுத ஆளுக்குக் குறைவில்லை, சரிபார்க்கத்தான் ஆள் இல்லை என்று அப்போது புரிந்தது.

ஒரு பராமரிப்பாளர்

இரண்டு அனுபவங்களையும் மகிழ்ச்சியோடு படித்தேன். பதில் வராததற்கு ஒரு காரணம் சொல்கிறேன். எங்களில் பலர் அலுவலக வேலை முடிந்த பிறகுதான் இதைத் தொடுகிறோம். 2021 டிசம்பரில், பல ஜாவா நிரல்கள் பதிவுகளை எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியின் பாதுகாப்பு வழு வெளிவந்தபோது உலகமே பரபரத்தது. அதைச் சரிசெய்ய இரவு பகலாக உழைத்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அந்த வாரம் ஒரு நிறுவனம், பணம் ஒன்றும் தராமலே, என் லைப்ரரி பற்றிய நீண்ட கேள்விப்பட்டியலை அனுப்பி ஒரே நாளில் பதில் கேட்டது. அந்த நேரத்தில், தோற்கும் சோதனையோடு ஒரு மாணவர் வந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் தெரியுமா!

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஓபன்ஜேடிகேவுக்கு முதலில், இப்போது ஜாவாவை வைத்திருக்கும் ஆரக்கிள் நிறுவனத்தின் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அது ஏற்கப்படும்வரை உங்கள் திருத்தம் மதிப்பாய்வுக்கே போகாது. நிரலோடு போய் நிற்காதீர்கள். உரிய மடலாடற்குழுவில், இதை மாற்றலாமா என்று முதலில் கேளுங்கள். ஆவணக் குறிப்பில் ஒரு பிழை, தெளிவில்லாத ஒரு பிழைச்செய்தி, விடுபட்ட ஒரு சோதனை, இப்படித் தொடங்குவது நல்லது. திருத்தத்தை, நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அனுப்பி மதிப்பாய்வில் ஒப்புதல் கிடைத்ததும், நீங்கள் இன்டகிரேட் என்ற கட்டளையை இடுவீர்கள். சேர்க்கும் உரிமை பெற்ற ஒருவர் உங்களுக்காக ஸ்பான்சர் என்று இட்டால்தான் அது மூலநிரலில் சேரும். புதிய பதிப்பு மார்ச்சிலும் செப்டம்பரிலும் வருகிறது. அதற்கான கிளை (அந்தப் பதிப்புக்கென்று பிரிக்கும் நிரல் நகல்) டிசம்பர், ஜூன் தொடக்கத்திலேயே பிரிந்துவிடும். செப்டம்பர் பதிப்பில் உங்கள் வரி இருக்க வேண்டுமானால் மே மாதத்துக்குள் மதிப்பாய்வை முடித்துவிடப் பாருங்கள்.