புதுப்பிப்பு: அண்ணியின் லூபஸ் பரிசோதனை முடிவு

ஏ.என்.ஏ. (சொந்த செல்களின் உட்கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ் என்று வந்த என் அண்ணிக்கு, நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ்தானா என்று முன்பு கேட்டிருந்தேன். பெங்களூருவில் நாங்கள் பார்க்கும் வாதநோய் மருத்துவர் இப்போது அதை உறுதி செய்துவிட்டார். நலமாக இருப்பவர்களிடமும் ஏ.என்.ஏ. காணப்படுவதால், 2019ஆம் ஆண்டின் சர்வதேச வகைப்பாட்டில் அது நுழைவு நிபந்தனை மட்டுமே; அது இருந்தாலே லூபஸ் என்று ஆகிவிடாது. மூட்டுவலியும் கன்னத்துச் சிவப்பும் ஏற்கெனவே இருந்த நிலையில், அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஆன்டி-ஸ்மித் என்ற வரிக்கு நேரே இருந்த மூன்று கூட்டல் குறிகள்தாம் (அதாவது, வலுவான பாசிட்டிவ்) சந்தேகத்தைத் தீர்த்தன. 1966இல் ஒரு நோயாளியின் பெயரால் அறியப்பட்ட இந்த ஆன்டிபாடி லூபஸ் உள்ள எல்லோரிடமும் இருப்பதில்லை. ஆனால் இருந்தால், வேறு நோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இதுவும் ஆன்டி-ஆர்.என்.பி. என்ற இன்னோர் ஆன்டிபாடியும் ஐரோப்பிய வம்சாவளியினரைவிட ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளியினரிடம் அதிகம் தென்படுகின்றன. லூபஸால் வரும் சிறுநீரகப் பாதிப்பும் அப்படியே. நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் எச்.எல்.ஏ. மரபணு வேறுபாடுகள் இதற்கு ஒரு காரணம் என்றாலும், சிறுநீரகம் கெடுவதில் வறுமைக்கும் தாமதமான சிகிச்சைக்கும் பங்குண்டு என்பதை மறந்து எல்லாவற்றையும் இனத்தின் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. (சீனரையும் தமிழரையும் ‘ஆசியர்’ என்று ஒரே பெட்டியில் அடைப்பதும்தான்.)

லூபஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்தைத் தொடங்கியாயிற்று. சிறுநீரில் புரதம் இல்லை, ஆயினும் நோயின் தீவிரத்தைக் காட்டும் இரத்த அளவுகளான டி.எஸ்.டி.என்.ஏ. (ஆன்டிபாடி), சி3, சி4 (நோய் எதிர்ப்புப் புரதங்கள்) ஆகியவற்றுடன் அதையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறார்.