தைப்பூச நடைக்கு முன் பித்தவெடிப்பும் காய்ப்பும்: என்ன செய்யலாம்?

கேள்வி (ஜோர்ஜ்டவுன் வாசகி):
வணக்கம். உணவுக்கடையில் நாளுக்குப் பத்து மணி நேரம், பின்பக்கம் திறந்த செலிப்பருடன் சிமெண்டுத் தரையில் நிற்கிறேன். இரு குதிகால்களிலும் பித்தவெடிப்பு. புடவை உடுத்தும்போது நூல் அதில் மாட்டிக்கொள்கிறது. வலது பெருவிரலுக்குக் கீழே காய்ப்பு மஞ்சளாகத் தடித்துவிட்டது. தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு மாதங்கள் உள்ளன. வெறுங்காலுடன் நடந்து, பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறுவதாக வேண்டுதல். தோல் தடித்திருந்தால்தான் தார்ச்சாலைச் சூட்டைத் தாங்கும், தேய்க்காதே என்கிறார் அம்மா. அது சரியா?

பதில் (ஓய்வுபெற்ற தாதி, கோலாலம்பூர்):
தங்கையே, அம்மா சொல்வதில் பாதி உண்மை. ஓயாமல் அழுத்தமும் உராய்வும் படும் இடத்தைக் காக்கவே உடல் தோலைத் தடிக்கச் செய்கிறது. ஆனால் உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லாததால் அந்தத் தடித்த தோல் எளிதில் காய்ந்து, வளையும் தன்மையை இழந்து, உடல் எடை அழுத்தும்போது பிளக்கிறது. பிளவு ஆழமானால் இரத்தம் கசியும். தேர் போன பாதையில் சிதறு தேங்காய் ஓடுகள் கிடக்க, அந்தக் காலுடன் நடப்பது கிருமிக்கு வாசல் திறப்பதாகும்.

இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கால்களை ஊறவைத்து, நுரைக்கல்லால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ஒரே நாளில் முழுவதையும் எடுக்க முயல வேண்டாம். துடைத்த ஈரம் காய்வதற்குள் யூரியா கலந்த களிம்பைத் தடவிப் பருத்திக் காலுறை அணியுங்கள். வறட்சிக்கு 10 விழுக்காடு போதும்; காய்ப்புக்கு 20 முதல் 25 விழுக்காடு நல்லது. இரத்தம் கசியும் பிளவில் இதைத் தடவினால் எரியும். அங்கே வாசலின் போதும். விரல் இடுக்கில் எதையும் பூசாதீர்கள், ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். ஆனால் அந்தச் செலிப்பரை மாற்றாமல் களிம்பு மட்டும் பூசினால் காய்ப்பு திரும்பவும் வரும். குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும், மெத்தென்ற அடிப்பாகம் உள்ள காலணியை அணியுங்கள்.

பதில் (ஆயர் ஈத்தாம் வாசகர்):
உங்களுக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் மேலே சொன்னவற்றைச் செய்வதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். என் அப்பா காய்ப்பைச் சவர பிளேடால் சீவினார். உணர்ச்சி மங்கிய கால் என்பதால் வெட்டுப்பட்டது அவருக்குத் தெரியவில்லை. தரையில் இரத்தத் தடத்தைக் கண்ட பிறகே நாங்கள் அறிந்தோம். அந்தப் புண் ஆற நான்கு மாதங்கள் ஆயின. மருந்துக்கடையில் கிடைக்கும் ஆணிக்கால் பிளாஸ்திரியில் சாலிசிலிக் அமிலம் உண்டு. அதுவும் இத்தகைய கால்களுக்கு ஆகாது.

கேள்வி கேட்டவர்:
எனக்கு இனிப்புநீர் இல்லை. அம்மாவுக்கு உண்டு, அவரும் என்னுடன் நடப்பதாகச் சொல்கிறார்.

பதில் (தாதி):
அப்படியானால் இந்த வாரமே அவரை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று பாத உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் அவர் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. உங்களுக்கும் வெடிப்பு முழுதாக மூடியிருந்தால் மட்டுமே நடையை வைத்துக்கொள்ளுங்கள். தார் சூடேறுவதற்கு முன், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.