டிசம்பர் கடைசியில் கேதார்காந்தா: வெள்ளியங்கிரி ஏறிய பழக்கம் போதுமா?

திருப்பூர்நடை:
வணக்கம். நானும் என் தம்பியும் டிசம்பர் கடைசி வாரம் உத்தராகண்டில் கேதார்காந்தா மலைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். இரண்டு பேருமே பனியை நேரில் பார்த்ததில்லை. வெள்ளியங்கிரி வருஷா வருஷம் ஏறுகிறோம், பர்வதமலையும் பழக்கம், அதனால் ஏற்ற இறக்கம் பற்றிப் பயமில்லை. குளிர்தான் புது விஷயம். ராத்திரி மைனஸ் பத்து வரைகூட இறங்கும் என்கிறார்கள். இங்கே கிடைக்கும் ஸ்வெட்டர், குல்லாவோடு சமாளிக்கலாமா, இல்லை எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டுமா? அம்மா வேறு, மேலே மூச்சு முட்டும் என்று பயப்படுகிறார். போனவர்கள் சொல்லுங்கள்.

பனித்தடம்:
தாராளமாகப் போங்கள் நண்பரே, பனியில் முதல் நடைக்கு அது நல்ல மலை. ஆனால் வெள்ளியங்கிரியில் ராத்திரியோடு ராத்திரியாக வேர்க்க விறுவிறுக்க ஏறி இறங்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அங்கே ஆளைப் படுத்துவது வெறும் குளிர் இல்லை, வேர்வை. வெயிலில் ஏறும்போது உடம்பு நன்றாகச் சூடாகும், பருத்தி பனியன் போட்டிருந்தால் வேர்வையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும், நின்ற அஞ்சாவது நிமிஷம் முதுகு சில்லிட ஆரம்பித்துவிடும். உடம்பை ஒட்டிப் போடுவது பாலியஸ்டர் அல்லது கம்பளி நூலாக இருக்கட்டும். உங்கள் ஊரிலேயே விளையாட்டு பனியன் நல்லதாகக் கிடைக்குமே. அதற்கு மேல் மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை, காற்றைத் தடுக்க ஒரு ஜாக்கெட், முகாமுக்கு வந்ததும் போட்டுக்கொள்ள இறகு அடைத்த தடிமனான டவுன் ஜாக்கெட். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. வேர்க்கப் போகிறது என்று தெரிந்தாலே ஒன்றைக் கழற்றிவிடுங்கள், சோம்பல் படாதீர்கள்.

டவுன் ஜாக்கெட், ஷூவுக்குள் பனி போகாமல் காலில் சுற்றும் கெய்ட்டர், வழுக்காமல் இருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக் எல்லாம் நடை தொடங்கும் சாங்க்ரி கிராமத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஷூவை மட்டும் சொந்தமாக வாங்கி ஒரு மாதம் முன்பிருந்தே போட்டு நடந்து பழகுங்கள். இரண்டு ஜோடி காலுறைக்கு இடம் கொடுக்காத இறுக்கமான ஷூ வேண்டாம், ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும். தூங்கப் போகும்போது அன்றைக்கு நடந்த காலுறையைக் கழற்றி உலர்ந்த ஜோடியை மாட்டிக்கொள்ளுங்கள். ஈரமானதைக் கூடாரத்துக்கு வெளியே போட்டால் காலையில் அப்பளமாக விறைத்துக் கிடக்கும்.

மேற்குமலையான்:
அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். சாங்க்ரி கிராமம் ஏறக்குறைய 1,950 மீட்டர். முதல் முகாம் போடும் ஜூடா கா தாலாப் 2,750 மீட்டருக்கு மேல், அதாவது தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியை (2,695 மீட்டர்) முதல் நாளிலேயே தாண்டிவிடுகிறீர்கள். உச்சி சுமார் 3,800 மீட்டர், அங்கே கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. வெள்ளியங்கிரியில் எவ்வளவு வேகமாக ஏறினாலும் இதற்குப் பழக்கம் வராது, உடம்பு திடமாக இருப்பவர்களுக்கும் தலைவலி வரும். இன்னும் சொன்னால், நன்றாக ஏறத் தெரிந்த வாலிபர்கள்தான் முன்னால் ஓடி மாட்டிக்கொள்கிறார்கள். தம்பியைக் கவனித்துக்கொள்ளுங்கள்!

தலைவலியோடு குமட்டலும் சாப்பாடு பிடிக்காமல் போவதும் சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது, வழிகாட்டியிடம் உடனே சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் கீழே இறக்க வேண்டும். உச்சி இன்னும் ஒரு மணி நேரம்தான், சமாளித்துவிடலாம் என்ற பேச்சே கூடாது. உயரத்தில் வரும் இந்தத் தொந்தரவுக்குப் போடும் டயமாக்ஸ் மாத்திரையை நண்பர்கள் சொன்னார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம், புறப்படும் முன் டாக்டரைப் பாருங்கள்.

நாடோடிக்கால்:
நான் ஒன்று மாற்றிச் சொல்கிறேன். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைக்கும் கேதார்காந்தாவில் கூட்டம் அள்ளும். உச்சிக்குப் போக விடியற்காலை மூணு மணிக்கே வரிசையாக நெற்றியில் மாட்டிய ஹெட்லைட் வெளிச்சம். மிதிபட்ட பனி இறுகிக் கண்ணாடியாக வழுக்கும், குறுகலான இடத்தில் முன்னால் போகிறவர் நின்றால் நீங்களும் அந்தக் குளிரில் நிற்க வேண்டியதுதான். லீவு கிடைத்தால் பிப்ரவரி முதல் பாதிக்குத் தள்ளுங்கள். பொதுவாகப் பனியும் நிறைய இருக்கும், கூட்டமும் குறையும். டிசம்பரில்தான் முடியும் என்றால் முசோரி பக்கம் நாக் டிப்பா இருக்கிறது, 3,022 மீட்டர், இரண்டு நாளில் முடித்துவிடலாம். உயரமும் குளிரும் உடம்புக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்று அதில் பார்த்துக்கொண்டு அடுத்த வருஷம் கேதார்காந்தா போனால் இன்னும் அனுபவித்து நடக்கலாம்.

பனித்தடம்:
கூட்டம் உண்மைதான், பிப்ரவரிதான் என் ஓட்டும். ஆனால் நாக் டிப்பாவில் டிசம்பரில் பனி இல்லாமலும் போகலாம், பனி பார்க்க ஆசைப்பட்டு இவ்வளவு தூரம் வருகிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

திருப்பூர்நடை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பியிடம் பேசினேன், பிப்ரவரிக்கே மாற்றுகிறோம். இரண்டு சந்தேகம். தண்ணீர் உறைந்துவிடாதா? வெள்ளியங்கிரியில் மூங்கில் தடி ஊன்றித்தான் பழக்கம், அங்கேயும் தடி வேண்டுமா?

மேற்குமலையான்:
தடி கட்டாயம் வேண்டும், இறங்கும்போது முட்டியைக் காப்பாற்றுவது அதுதான். பனியில் புதையாமல் இருக்க அடியில் வட்டத் தட்டு வைத்த ட்ரெக்கிங் போலாக எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், அதனால் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் மூடிப் பக்கம் அடைக்காது. ராத்திரி வெந்நீர் ஊற்றி இறுக்கி மூடி ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் காலுக்குச் சூடு, காலையில் குடிக்கவும் ஆகும். போனையும் பவர் பேங்கையும் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். கறுப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள், புதுப்பனி மேல் விழும் புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திரும்பி முகத்துக்கே வரும். டேராடூனிலிருந்து சாங்க்ரி ஏறக்குறைய 200 கிலோமீட்டர், மலைப்பாதையில் முழு நாள் ஆகிவிடும், காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.