5 பாபினில் வீச்சு 1.1, 20 பாபினில் 1.8: ஏழாம் மெஷின் உண்மையிலேயே மோசமா?

நூல்கண்டு:
வணக்கம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். 40ஆம் நம்பர் பருத்தி நூல் ஓடும் இரண்டு ரிங் ஃபிரேம்களின் (நூல் நூற்கும் மெஷின்கள்) கவுண்ட் சோதனையில் ஒரு சிக்கல். கவுண்ட் என்பது நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் எண்; 40ஆம் நம்பர் என்றால் அது 40 இருக்க வேண்டும்.

மூன்றாம் மெஷினில் வழக்கம்போல் 5 பாபின் (நூல் சுற்றிய குழல்) எடுத்தேன், அவற்றின் கவுண்ட்: 39.6, 40.3, 40.1, 39.4, 40.5.

ஏழாம் மெஷினில் ரோலர் மாற்றியிருந்ததால் 20 பாபின் எடுக்கச் சொன்னார்கள். எடுத்த வரிசையிலேயே தருகிறேன்: 40.2, 39.7, 40.6, 39.9, 39.4, 40.0, 39.6, 40.3, 40.5, 40.1, 40.9, 40.2, 39.8, 39.5, 40.1, 39.1, 39.9, 40.1, 39.7, 39.8.

மூன்றாம் மெஷினின் வீச்சு 40.5 − 39.4 = 1.1. ஏழாம் மெஷினின் வீச்சு 40.9 − 39.1 = 1.8. இரண்டையும் அறிக்கையில் அடுத்தடுத்து எழுதிக் கொடுத்தேன். காலைக் கூட்டத்தில் ஏழாம் மெஷின் மோசம் என்று முடிவு கட்டி, ரோலர் மாட்டிய ஃபிட்டர் அண்ணனை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார்கள். நான் எழுதிய எண்ணால் அவர் பேச்சு வாங்கினார் என்பது மனதை அறுக்கிறது. கழித்தலை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், பிழை இல்லை. ஆனாலும் ஏதோ இடிக்கிறது. வெள்ளிக்கிழமை ரோலரைக் கழற்றப் போகிறார்கள். அதற்குள் யாராவது விளக்குவீர்களா?

பத்தாம் வகுப்புக் கணக்கு:
வீச்சை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது அம்மா. வீச்சுக் கெழு கண்டுபிடியுங்கள். பெரிய மதிப்பையும் சிறிய மதிப்பையும் கழித்து வருவதை, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். மூன்றாம் மெஷினுக்கு 1.1 ÷ 79.9, ஏறக்குறைய 0.014. ஏழாம் மெஷினுக்கு 1.8 ÷ 80, அதாவது 0.0225. அப்படிப் பார்த்தாலும் ஏழுதான் அதிகம். ரோலரில் கோளாறு இருக்கலாம்.

பழைய பஞ்சாலைக்காரன்:
ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், கெழு இங்கே உதவாது. 40ஆம் நம்பர் நூலையும் 80ஆம் நம்பர் நூலையும் ஒப்பிடும்போது அது பயன்படும். இங்கே இரண்டுமே 40தான். வேறுபடுவது பாபின் எண்ணிக்கை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். கையில் 5 அளவுகள் இருக்கின்றன. ஆறாவதாக ஒன்று எடுக்கிறீர்கள். அது ஏற்கெனவே உள்ள பெரியதற்கும் சிறியதற்கும் நடுவில் விழுந்தால் வீச்சு அப்படியே இருக்கும். வெளியே விழுந்தால் வீச்சு கூடும். குறைவதற்கு வழியே கிடையாது. ஆகவே எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும், பாபின் கூடக்கூட வீச்சு ஏறத்தான் செய்யும்.

எவ்வளவு ஏறும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அளவுகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால், அதாவது நடுவில் குவிந்து இருபுறமும் ஒரேபோல் குறைந்தால், 5 மாதிரிகளின் வீச்சு சராசரியாகத் திட்ட விலக்கத்தைப்போல் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் எண்) 2.326 மடங்கு இருக்கும். 10 மாதிரிக்கு 3.078 மடங்கு, 20 மாதிரிக்கு 3.735 மடங்கு. மாதிரி வீச்சின் இந்தக் கணக்கை டிப்பெட் என்ற ஆங்கிலேயர் 1925இல் வெளியிட்டார். பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய புள்ளியியலாளர் அவர். நம் தொழிலைச் சேர்ந்த மனிதர் என்று எனக்கு அவர் மீது தனிப் பிரியம்.

வீச்சை அதற்குரிய மடங்கால் வகுத்தால் திட்ட விலக்கம் தோராயமாகக் கிடைக்கும். இப்போது வகுத்துப் பாருங்கள். 1.1 ÷ 2.326 = 0.47. 1.8 ÷ 3.735 = 0.48. இரண்டு மெஷினும் ஒன்றேதான்.

நூல்கண்டு:
ஐயா, படித்ததும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. ஆனால் 3.735 என்று சொன்னால் எங்கள் கூட்டத்தில் யாரும் ஏற்க மாட்டார்கள். அட்டவணை இல்லாமல் காட்ட வழி உண்டா?

பழைய பஞ்சாலைக்காரன்:
உண்டு. உங்கள் 20 அளவுகளையும் எடுத்த வரிசையிலேயே ஐந்தைந்தாகப் பிரியுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பெரியவற்றை ஒரு பக்கம், சிறியவற்றை ஒரு பக்கம் அடுக்கினால் கணக்கு பொய்யாகிவிடும். ஒவ்வோர் ஐந்திற்கும் தனித்தனியே வீச்சு எடுங்கள்.

நூல்கண்டு:
எடுத்தேன். 1.2, 0.9, 1.4, 1.0. சராசரி 1.125. மூன்றாம் மெஷினுக்கு வந்த 1.1க்குப் பக்கத்திலேயே இருக்கிறது! இதை யார் முன்னும் வைக்கலாம்.

பத்தாம் வகுப்புக் கணக்கு:
என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் இரண்டு தொகுப்புகளைக் கொடுத்து வீச்சு காணச் சொல்லும்போது, அவற்றில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதை நான் இதுவரை பொருட்படுத்தியதில்லை. எல்லா அளவுகளையும் சேர்த்துத் திட்ட விலக்கமும் போட்டுப் பார்த்தேன் (எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்து). மூன்றாம் மெஷினுக்கு 0.47, ஏழாம் மெஷினுக்கு 0.43. இப்படிப் பார்த்தால் ஏழு ஓர் இம்மி முந்துகிறது.

பழைய பஞ்சாலைக்காரன்:
நன்றி ஐயா. ஆனால் 0.43ஐக் காட்டி ஏழுதான் சிறந்தது என்றும் சொல்லிவிடக் கூடாது. மூன்றாம் மெஷினில் எடுத்தது வெறும் 5 பாபின். அதை நம்பி அவ்வளவு நுணுக்கமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேறுபாடு தெரியவில்லை என்பதுதான் நேர்மையான சொல்.

திட்ட விலக்கம் ஏன் சற்று விலகி வருகிறது என்றால், அது இருபதையும் பார்க்கிறது. வீச்சு 40.9, 39.1 என்ற இரண்டை மட்டும் பார்க்கிறது. நடுவில் உள்ள பதினெட்டும் 40.0 ஆகவே இருந்திருந்தாலும் வீச்சு 1.8தான்.

தங்கையிடம் ஒரு கேள்வி. எடை போடும் தராசு எத்தனை தசமம் காட்டுகிறது? 120 கஜ நூலின் எடையைக் கிராமில் எடுத்து 64.8ஐ அதனால் வகுத்துத்தானே கவுண்ட் காண்கிறீர்கள்? 40க்கு 1.62 கிராம். தராசு இரண்டு தசமம் மட்டும் காட்டினால், 1.61 என்று விழுந்தாலே கவுண்ட் 40.25 ஆகிவிடும். ஒரு படிக்கு கால் கவுண்ட். அப்படியானால் வீச்சில் ஒரு பங்கு தராசுடையது.

நூல்கண்டு:
மூன்று தசமம் ஐயா. போன மாதம்தான் எடைக்கல் வைத்துச் சரிபார்த்தார்கள்.

பழைய பஞ்சாலைக்காரன்:
அப்படியென்றால் கவலை இல்லை. இனி எல்லா மெஷினுக்கும் ஒரே எண்ணிக்கை வையுங்கள், 5 போதும். அறிக்கையில் வீச்சுக்குப் பக்கத்தில் எத்தனை பாபின் என்று தவறாமல் எழுதுங்கள். இருபது இருபத்தைந்து முறை எடுத்தபின் வீச்சுகளின் சராசரியை 2.114ஆல் பெருக்கினால் வீச்சு தாண்டக் கூடாத மேல் எல்லை கிடைக்கும். ஐந்து பாபினுக்கான எண் அது. இப்போதைய 1.125ஐ வைத்தால் தோராயமாக 2.38. அதைத் தாண்டும் நாளில் ஃபிட்டரைக் கூப்பிடுங்கள்.

நூல்கண்டு:
நான்கு வீச்சுகளையும் ஒரே தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவரே கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். ரோலரைக் கழற்றும் வேலையை நிறுத்திவிட்டார்கள். நாளைக் காலைக் கூட்டத்தில் நானே எழுந்து சொல்லப் போகிறேன். திட்டும் அங்கேதான் விழுந்தது. ஃபிட்டர் அண்ணனிடம் இன்று மாலையே தாளைக் காட்டிவிட்டேன்.