கருவுயிர் காப்புப் பேச்சுப்போட்டி: பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டுமா?

சாந்தோம் அருள்:
எங்கள் தேவாலயப் பங்கில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை 'கருவிலிருக்கும் உயிரைக் காப்போம்' என்று பேச்சுப்போட்டி வைக்கிறோம். ஆளுக்கு 6 நிமிடம். 5இல் எச்சரிக்கை மணி. மூன்று நடுவர்கள். கருத்துக்கு 40, மொழி, உச்சரிப்பு, உணர்ச்சிக்குத் தலா 20. விதிகளில் குறையிருந்தால் சொல்லுங்கள்.

வேளச்சேரி கவிதா:
தலைப்பிலேயே குறை. பட்டிமன்றத்தில்கூட எதிரணி உண்டு. இதில் மாற்றி நினைக்கும் பிள்ளை ஒன்று பொய் பேச வேண்டும், அல்லது வீட்டில் இருக்க வேண்டும்.

சாந்தோம் அருள்:
'மது ஒழிப்போம்', 'நெகிழி தவிர்ப்போம்' என்று தலைப்பு கொடுக்காத பள்ளி உண்டா மேடம்? நம்பிக்கையை எடுத்துப் பேசப் பழகுவதும் பயிற்சிதான். கட்டாயம் யாருக்கும் இல்லை.

வேளச்சேரி கவிதா:
நெகிழிப் பையும் இதுவும் ஒன்றா சார்? 1971 சட்டமே கருக்கலைப்பை நிபந்தனையோடு அனுமதிக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து போதும். 20 முதல் 24 வரை இரண்டு மருத்துவர்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள் போன்ற சில பிரிவினருக்கு மட்டும். திருமணமாகாதவரையும் அதில் சேர்த்து 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'கொலைகாரி' என்று மேடையில் ஒரு பிள்ளை முழங்கும்போது கேட்டுக்கொண்டிருப்பதும் அதே வயதுப் பெண்கள்தான். அவர்களில் ஒருத்திக்கு உதவி தேவைப்பட்டால் அதற்குப் பிறகு வாய் திறப்பாளா?

பெரம்பூர் நடுவர்:
மதிப்பெண் தாளைப் பாருங்கள் அருள் சார். உணர்ச்சிக்கு 20 என்று தனிக் கட்டம் போட்டால் அழுகிற பிள்ளைக்குத்தான் பரிசு போகும். 'அம்மா, என்னைக் கொல்லாதே' என்று கருவே பேசுவதாக ஒரே உரை பத்துப் பேரிடமிருந்து வரும். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு 'தகவல் சரியா' என்று போடுங்கள். படம், பொம்மை எதுவும் மேடைக்கு வரக்கூடாது.

தகவலில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. பெண்சிசுக் கொலை, கரு பாலினம் அறிதல், கருக்கலைப்பு மூன்றையும் ஒன்றாகக் குழப்புவது முதலாவது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறந்த பெண் குழந்தைகளுக்கானது. பாலினம் சொல்வதைத் தடுப்பது 1994 சட்டம். கருக்கலைப்புக்கு 1971 சட்டம். அடுத்தது, இணையத்திலிருந்து அமெரிக்க உரையை எடுத்து, அங்கே கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973 ரோ தீர்ப்பைத் திட்டுவது. அது 2022 ஜூனிலேயே ரத்தாகிவிட்டது, நம் ஊரில் செல்லவும் செல்லாது. மூன்றாவது வாரக்கணக்கு: மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், கரு தரித்த நாளிலிருந்து அல்ல. இரண்டு வார வித்தியாசம் வரும்.

நேரத்தையும் பாருங்கள். தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் அளவில்தான் ஓடும். 6 நிமிடத்துக்கு 600க்கு மேல் எழுதினால் கடைசிப் பத்தி மணியோடு போய்விடும். அவை வணக்கம் ஒரே வரி என்று விதி வையுங்கள். 'நடுநிலை தவறாத நடுவர்களே' என்று ஆரம்பித்தால் முக்கால் நிமிடம் காலி.

சாந்தோம் அருள்:
உணர்ச்சிக் கட்டத்தை நீக்குகிறேன். சட்டத் தகவல் ஒரு பக்கம் அச்சிட்டுப் பெயர் கொடுக்கும்போதே தருகிறேன். பொதுவாகப் பெண்களைக் குற்றவாளி என்று வசை பாடினால் தகுதிநீக்கம். தலைப்பை மட்டும் மாற்ற மாட்டேன் மேடம். கரு ஓர் உயிர் என்பது எங்கள் விசுவாசம். அதைச் சொல்ல மேடை போடுவதில் தப்பில்லை.

வேளச்சேரி கவிதா:
உங்கள் விசுவாசத்தை நான் கேள்வி கேட்கவில்லை. பங்கு மண்டபத்தில், பெற்றோர் கையெழுத்தோடு நடத்துங்கள்; பள்ளி நேரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைக்காதீர்கள். அந்த ஒரு பக்கத் தாளில் குழந்தைகள் உதவி எண் 1098உம் இருக்கட்டும். 18 வயது நிரம்பாத பெண் மருத்துவரிடம் போனால் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி அவர் போலீஸுக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. அதையும் அச்சிடுவீர்களா?

சாந்தோம் அருள்:
1098 கண்டிப்பாக இருக்கும். தீர்ப்பு வரியைப் பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

வேளச்சேரி கவிதா:
மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிதான் முக்கியம் சார். கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள்.