எங்க வீட்டுக் குழு: கொரோனா எத்தனை?

பாப்பா: வைரஸை விடுங்க. சூரியன், பாறை, விலங்கு மூணுலயும் கொரோனான்னு வருதே, எல்லாம் ஒண்ணுதானா? நாளைக்கு வினாடி வினா 🙏

அண்ணன்: ஏதோ ஒண்ணைச் சுத்தி வளையமா இருக்கும், அது மட்டும்தான் பொது. சூரியனோடது வெளி வளிமண்டலம். நமக்குத் தெரியற மேற்பரப்பான ஒளிமண்டலம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். கொரோனா 10 லட்சத்துக்கும் மேல. ஆனா சூரியத் தட்டோட வெளிச்சத்துல பத்து லட்சத்துல ஒரு பங்குதான். முழு கிரகணத்துலதான் வெறுங்கண்ணுக்குத் தெரியும்.

பாப்பா: அவ்ளோ சூடு இருந்தும் ஏன் மங்கல்?

அண்ணன்: அடர்த்தி ரொம்பக் கம்மி. 1869 கிரகணத்துல கொரோனா ஒளியை நிறம் நிறமாப் பிரிச்சுப் பார்த்தப்ப ஒரு பச்சைக் கோடு தெரிஞ்சுது. புதுத் தனிமம்னு நினைச்சு 'கொரோனியம்'னு பேரே வெச்சுட்டாங்க. 1940 வாக்குலதான் அது 13 எலக்ட்ரான் இழந்த இரும்புன்னு புரிஞ்சுது. இரும்பு அத்தனையை இழக்கணும்னா சூடு பத்து லட்சக் கணக்குல வேணும். இந்தியாவோட சூரிய ஆய்வு விண்கலம் ஆதித்யா எல்1-ல இருக்கிற வெல்க் (VELC) கருவி சூரியத் தட்டை மறைச்சுட்டு, கிரகணம் இல்லாமலே இதே கோட்டைப் பார்க்குது.

சித்தப்பா: பாறைக்கு வரேன். ஒரு கனிமத்தைச் சுத்தி இன்னொண்ணு ஓடு மாதிரி வளர்ந்திருந்தா கொரோனா. ஆலிவின், பிளேஜியோகிளேஸ்னு ரெண்டு கனிமம் தொடுற இடத்துல வினை நடந்து, நடுவுல பைராக்சீன், கார்னெட் மாதிரி வேற கனிமம் வரும். தண்ணி இல்லாத பாறையில அயனி நகர்றதே மெதுவு. வளையம் தடிக்கத் தடிக்க இன்னும் மெதுவு. அதுக்குள்ள பாறை ஆறிடும், வினை பாதியில நின்னுடும். அந்தப் பாதிதான் நமக்குச் சாட்சி.

சித்தப்பா: கார்னெட் ஓரம் அரிச்சுப்போய், சுத்தி ஆர்த்தோபைராக்சீனும் (பைராக்சீன்ல ஒரு வகை) பிளேஜியோகிளேஸும் பின்னிக் கிடந்தா, பெரும்பாலும் அழுத்தம் குறைஞ்சு பாறை மேல வந்திருக்கு. தேனி மாவட்டம் கெங்குவார்பட்டி கிரானுலைட்ல (அதிக சூட்டுல உருமாறின பாறை) கொரோனா அருமையா இருக்கும். பாறையை 0.03 மி.மீ. தடிமனுக்குச் சீவி நுண்ணோக்கியில பார்க்கணும், தடிமன் கூடினா நிறம் மாறி கனிமத்தையே தப்பாச் சொல்லிடுவோம். துரு வளையம் கொரோனா இல்ல.

பாப்பா: வெள்ளிக் கிரகத்துலயும் இருக்காமே சித்தப்பா?

சித்தப்பா: அது நிலவடிவம். அடியிலிருந்து சூடான பொருள் எழும்பி மேலோட்டைத் தூக்கும், அப்புறம் தளரும். வட்டமா முகடும் விரிசலும் மிஞ்சும். அங்க இருக்கிற ஆர்ட்டெமிஸ்ங்கிற கொரோனா சுமார் 2,600 கி.மீ. அகலம்.

அத்தை: எங்க விலங்கியல் பக்கம் ரெண்டு உண்டும்மா. ரோட்டிஃபர்ங்கிற நுண்ணிய நீர் விலங்கோட தலையில இருக்கிற சிலியா (மெல்லிய இழை) வளையம் ஒண்ணு. இழைகள் அலை அலையா அடிக்கறதால சக்கரம் சுத்துற மாதிரி தெரியும், உண்மையில சுத்தாது. நீந்தறதும் இரையை வாய்க்கு இழுக்கறதும் அதாலதான். குளத்துப் பாசியைப் பிழிஞ்சு கண்ணாடித் தகட்டுல ஒரு சொட்டு, ரெண்டு மூணு பஞ்சு இழை போட்டு மெல்லிய கண்ணாடியால மூடு, நுண்ணோக்கியில 100 மடங்குல பாரு. பஞ்சு இல்லன்னா ஓடிக்கிட்டே இருக்கும்.

அண்ணன்: ஃபார்மலின்ல போட்டு வெச்சுக்கலாமா அத்தை?

அத்தை: நேரா ஊத்தாதே! மென்னுடல் வகையெல்லாம் சுருங்கி, வளையம் உள்ள போயிடும். இனமே அடையாளம் தெரியாது. முதல்ல கொஞ்சம் சோடாத் தண்ணி விட்டு மயக்கணும்.

பாப்பா: இன்னொண்ணு?

அத்தை: கடல் முள்ளெலியோட (உடம்பெல்லாம் முள்ளா இருக்கிற கடல் விலங்கு) ஓடு. 20 வரிசைத் தகடு: குழாய்க்கால் (குழாய் மாதிரி குட்டிக் கால்) துளை உள்ளது 10, இல்லாதது 10, ஜோடி ஜோடியா மாறி மாறி வரும். உச்சித் தகடுகளும் வாயைச் சுத்தின சவ்வும் கொரோனாவுல சேராது, சேர்த்துச் சொல்லிடாதே.